வயிற்றைத் துளைக்காமல் எண்டோமெட்ரியோசிஸைக் கண்டறிய முடியுமா?

மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பார்கள். தொப்புளை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி உப்ப வைப்பார்கள். உள்ளே கொஞ்சம் இடம் கிடைத்ததும் கேமரா பொருத்திய மெல்லிய குழாய் இறங்கும். இன்னும் ஒன்றிரண்டு சின்னத் துளைகள் வழியாகக் கருவிகள் போகும். சந்தேகத்துக்கு இடமாக ஏதாவது தென்பட்டால் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுப்புவார்கள். இதன் பெயர் லேப்ராஸ்கோப்பி.

பல பெண்களுக்கு இவ்வளவும் நடப்பது "எனக்கு இந்த நோய் இருக்கிறதா, இல்லையா" என்ற ஒரே கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளத்தான். சில நேரம் அதே மயக்கத்திலேயே திட்டுகளை அகற்றியும் விடுவார்கள் என்பது உண்மை. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் தையலோடு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. பல பத்தாண்டுகளாக எண்டோமெட்ரியோசிஸை உறுதிசெய்யும் முறை இதுவாகவே இருந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியவரும் வரை 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. "பீரியட்ஸ் என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லித் தட்டிக்கழிப்பது இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். சந்தேகம் வந்த பிறகும் அறுவைச் சிகிச்சை அறை வரை போகத் தயங்குவது இன்னொரு காரணம். ஓர் இளம்பெண்ணின் வலிக்காக உடனே வயிற்றைத் துளைக்க மருத்துவரும் விரும்ப மாட்டார், அவளும் விரும்ப மாட்டாள்.

அப்படியென்றால் ரத்தத்திலோ எச்சிலிலோ ஒரு பரிசோதனை ஏன் இன்னும் எல்லா இடத்திலும் புழக்கத்துக்கு வரவில்லை? ஆராய்ச்சிக்குக் குறைவே இல்லை. நல்ல முடிவு கிடைத்ததாகச் செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்க, முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கருப்பையின் உள்ளே ஒரு படலம் இருக்கிறது. மாதாமாதம் தடித்து வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுவது அதுதான். அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில், கருக்குழாயில், வயிற்றறையின் உள்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில், குடல்மேல், சிறுநீர்ப்பைமேல் இது வளரலாம். அபூர்வமாக உதரவிதானம் வரைகூடப் போகும். இந்தத் திசுவும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டது. மாதந்தோறும் வீங்கும், கசியும். வெளியே போக வழி இல்லாததால் சுற்றிலும் அழற்சி, தழும்பு, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது என்று பிரச்சினை நீள்கிறது.

இது எப்படி அங்கே போய்ச் சேருகிறது? 1920-களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார்: மாதவிடாய் ரத்தம் முழுவதும் வெளியே வருவதில்லை, கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதில் உள்ள செல்கள் அங்கே வேர்பிடிக்கின்றன. இன்றும் அதிகம் ஏற்கப்படும் விளக்கம் இதுதான். ஆனால் இப்படிப் பின்னோக்கிப் போவது பத்தில் ஒன்பது பெண்களுக்கு நடக்கலாம் என்கிறார்கள். நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. மிச்சக் கதை நோய் எதிர்ப்பு ஆற்றலிலும் மரபணுவிலும் ஹார்மோனிலும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாதவிடாய் ரத்தம் பின்னால் மறுபடி வரும்.

நோயை மூன்று விதமாகப் பிரிக்கிறார்கள். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியாவது ஒன்று. உள்ளே இருக்கும் திரவத்தின் பழுப்பு நிறத்தை வைத்து இதற்கு 'சாக்லேட் சிஸ்ட்' என்றே பெயர். திசுவுக்குள் ஆழமாக ஊன்றிக்கொண்டு முடிச்சுகளை உண்டாக்குவது இரண்டாவது. மூன்றாவது, வயிற்றறைச் சவ்வின்மேல் மட்டும் சிதறிக் கிடக்கும் மில்லிமீட்டர் கணக்கிலான புள்ளிகள். இந்த மூன்றாவது வகையே அதிகம் காணப்படுவது, பிடிக்கக் கடினமானதும் இதுதான். இன்னொரு விசித்திரமும் உண்டு: திட்டுகளின் அளவுக்கும் வலிக்கும் சம்பந்தம் குறைவு. நாலு புள்ளி இருப்பவர் துடித்துப்போவார். நோய் மிகவும் முற்றிய நான்காம் கட்டத்தில் இருப்பவர் குழந்தை தரிக்கவில்லை என்று பரிசோதனைக்கு வரும்போதுதான் நோய் இருப்பதையே அறிவார்.

சரி, ஸ்கேன் செய்து பார்த்தால் தெரியாதா? தெரியும், ஆனால் எல்லாம் தெரியாது. பெண்ணுறுப்பின் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டில் சாக்லேட் சிஸ்ட் நன்றாகவே தெரியும். பயிற்சி பெற்றவர் கையில் ஆழமாக ஊன்றிய முடிச்சுகளும் தெரியும். கருவியை மெல்ல அழுத்தும்போது கருப்பையும் குடலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகின்றனவா, ஒட்டிக்கொண்டு சேர்ந்தே நகர்கின்றனவா என்று பார்ப்பது ஓர் எளிய உத்தி. எம்ஆர்ஐ இன்னும் விரிவான படத்தைத் தரும். இவை இரண்டும் இவ்வளவு மேம்பட்டுவிட்டதால்தான், 2022-ல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் தன் வழிகாட்டுதலை மாற்றியது. லேப்ராஸ்கோப்பி இனிமேல் 'பொன் தர' உரைகல் அல்ல. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும், மருந்து கொடுத்துப் பலன் இல்லாதபோதும், மருந்து பொருந்தாதபோதும் மட்டும் அதை நாடலாம் என்றது. அறிகுறிகளை வைத்தே மருத்துவர் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதும் அதில் அடக்கம்.

சவ்வின்மேல் கிடக்கும் அந்தச் சின்னப் புள்ளிகளுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. அவற்றுக்குக் கனமே இல்லை, ஸ்கேனில் நிழல் விழாது. ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற வரிக்குப் பொருள் "நோய் இல்லை" என்பதல்ல, "கண்ணுக்குப் படவில்லை" என்பதுதான். எத்தனையோ பெண்கள் இந்த ஒரு வரியோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

கண்ணுக்குப் படாததை ரத்தத்தில் தேடலாம் என்பது இயல்பாக எழும் யோசனை. நோய் இருந்தால் உடலில் ஏதாவது ஒரு பொருளின் அளவு கூடும், இல்லாவிட்டால் குறையும். அப்படிப்பட்ட பொருளைக் குறிகாட்டி என்கிறார்கள். இந்த நோய்க்கு நீண்ட நாள் பரிசோதித்துப் பார்த்த குறிகாட்டி சிஏ-125 என்ற புரதம். எண்டோமெட்ரியோசிஸ் முற்றியவர்களிடம் இது பெரும்பாலும் உயர்ந்திருக்கும். ஆனால் சினைப்பைப் புற்றுநோயிலும் உயரும், நார்க்கட்டியிலும் உயரும், இடுப்புப் பகுதித் தொற்றிலும் உயரும், கர்ப்பத்திலும் உயரும், ஏன், சாதாரண மாதவிடாய் நாளில்கூட உயரும். நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போதோ பலரிடம் உயர்வதே இல்லை. வீட்டில் திருடன் நுழைந்தால் மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, பூனை வந்தாலும் காற்று அடித்தாலும் குரைக்கிற நாயை வைத்து என்ன செய்வது?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேனின் குழுவினர் 2016-ல் அதுவரை வந்திருந்த ரத்தப் பரிசோதனை ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டார்கள். 141 ஆய்வுகள், 122 குறிகாட்டிகள். ஆராய்ச்சிக்கு வெளியே, மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது என்று அவற்றில் ஒன்றைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை. கருப்பை உட்படலத்தில் நரம்பிழைகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை 2009 வாக்கில் பெரிய நம்பிக்கையைத் தந்தது. ஓர் ஆய்வில் ஏறக்குறைய எல்லா நோயாளிகளையும் அது பிடித்துவிட்டது. வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? கட்டுரையின் மையமே இந்தக் கேள்விதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எந்தப் பரிசோதனைக்கும் இரண்டு திறமைகள் வேண்டும். நோய் உள்ளவரைத் தவறவிடாமல் பிடிப்பது ஒன்று. நோய் இல்லாதவரைச் சரியாக விடுவிப்பது மற்றொன்று. பிடிக்கும் திறன், விடுவிக்கும் திறன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பரிசோதனைக்கு இரண்டுமே 90 சதவீதம் என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது அதை இரண்டு கூட்டத்தின்மேல் பயன்படுத்திப் பார்ப்போம்.

முதல் கூட்டம்: சிறப்பு மருத்துவமனையில் அறுவைக்குக் காத்திருக்கும் 1,000 பேர், அவர்களில் பாதிப் பேருக்கு நோய் உண்டு. 500 நோயாளிகளில் 450 பேரைப் பரிசோதனை பிடிக்கும். நோய் இல்லாத 500 பேரில் 50 பேரைத் தவறாகப் பிடிக்கும். மொத்தம் 'ஆம்' என்று வந்தது 500 பேருக்கு, அதில் 450 சரி. இரண்டாம் கூட்டம்: பொதுவாக வந்த 1,000 பெண்கள், அவர்களில் 100 பேருக்கு நோய். நோயாளிகளில் 90 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 900 பேரிலும் 90 பேரைத் தவறாகப் பிடிக்கும். 'ஆம்' வந்த 180 பேரில் பாதிப் பேருக்கு நோயே இல்லை!

பரிசோதனை மாறவில்லை, திறனும் மாறவில்லை. யாரிடம் செய்தோம் என்பது மட்டும் மாறியது. அந்த 90 பேருக்குத் தேவையில்லாத கவலை, தேவையில்லாத மருந்து, கடைசியில் தேவையில்லாத லேப்ராஸ்கோப்பி. எதைத் தவிர்க்கக் கிளம்பினோமோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

எண்டோமெட்ரியோசிஸில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. புதுப் பரிசோதனை சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க உண்மை விடை கையில் இருக்க வேண்டும். அந்த விடை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியிலிருந்து வருகிறது. ஆகவே ஆய்வில் சேருகிறவர்கள் அறுவை வரை போனவர்கள்தான்: பல வருடம் வலியோடு அலைந்தவர்கள், நோய் முற்றியவர்கள், சிறப்பு மருத்துவரை எட்ட முடிந்தவர்கள். புதுப் பரிசோதனை யாருக்குத் தேவையோ, அந்தப் பதினாறு வயதுப் பெண் இந்தக் கூட்டத்தில் இல்லை. தேர்வு எழுதுவது ஒரு வகுப்பு, அந்தக் கேள்வித்தாள் உண்மையில் வேண்டியது வேறு வகுப்புக்கு.

உரைகல்லாகப் பயன்படும் லேப்ராஸ்கோப்பியும் அப்பழுக்கற்றதல்ல. கேமராவில் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்யும்போது அதன் பிடிக்கும் திறன் 94 சதவீதம், விடுவிக்கும் திறன் 79 சதவீதம் என்று காக்ரேன் குழு எடுத்துக்கொண்டது. நோய் என்று தோன்றிய திட்டு நுண்ணோக்கியில் வேறு ஏதோவாக இருக்கலாம். மூலையில் ஒளிந்திருக்கும் புள்ளியை மருத்துவர் பார்க்காமல் விடலாம். அளவுகோலே கொஞ்சம் வளைந்திருந்தால், அதை வைத்து அளந்தவற்றின் நீளத்தை எப்படி நம்புவது?

ஒப்பிடுவதற்கு 'நோய் இல்லாதவர்' யார் என்பதும் லேசான கேள்வி இல்லை. வலியே இல்லாத, முழு ஆரோக்கியமான பெண்ணோடு ஒப்பிட்டால் எந்தக் குறிகாட்டியும் பளிச்சென்று தெரியும். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லவே. அவர்களுக்கும் வலி இருக்கும், ஆனால் காரணம் வேறாக இருக்கும்: நார்க்கட்டி, கருப்பைத் தசைக்குள் உட்படலம் ஊடுருவும் அடினோமயோசிஸ், குடல் கோளாறு. அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டினால்தான் பரிசோதனைக்கு மதிப்பு. போதாக்குறைக்கு மாதச் சுழற்சியின் நாளுக்கு நாள் குறிகாட்டிகளின் அளவு மாறும். வலிக்காக ஏற்கெனவே ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தம் வேறு கதை சொல்லும். மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னால் வலி திரும்பிவிடும். அப்புறம், மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு திட்டு கசியவிடும் பொருள் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்து என்ன மிஞ்சும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இன்று நடக்கும் முயற்சிகளைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது. ஒரே பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு, பல பொருள்கள் சேர்ந்து உண்டாக்கும் கோலத்தைத் தேடுகிறார்கள்.

அதிகம் பேசப்படுவது பிரான்சின் ஸிவிக் நிறுவனத்துடைய எச்சில் பரிசோதனை. எச்சிலில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களை அது படிக்கிறது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அடக்கி ஆளும் மிகச் சிறிய இழைகள் இவை. இவற்றைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் ஆய்வில் 200 பெண்கள் கலந்துகொண்டார்கள். அவர்களிடமிருந்து 109 மைக்ரோ ஆர்என்ஏக்களைத் தேர்ந்தெடுத்து, இயந்திரக் கற்றல் மூலம் ஒரு கோலத்தைப் பிடித்தார்கள். திறன் எண்கள் மலைக்க வைத்தன. வேறு 200 பேரிடம் சோதித்து 2023-ல் வெளியிட்ட இடைக்கால முடிவிலும் இரண்டு திறனும் 95 சதவீதத்துக்கு மேல்.

ஆனால் அந்த முதல் 200 பேரில் 153 பேருக்கு நோய் இருந்தது. நாம் மேலே போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? நாலில் மூன்று பேருக்கு நோய் இருக்கும் கூட்டம் அது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இருபது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் பற்றி ஆயிரம் விவரம் எடுத்தால், பெயரில் எத்தனை எழுத்து, சட்டையில் எத்தனை பொத்தான் என்பதைக் கொண்டே தேர்ச்சி பெற்றவரையும் பெறாதவரையும் 'சரியாக' பிரிக்கும் ஒரு விதி கிடைத்துவிடும். அடுத்த வகுப்பில் அந்த விதி செல்லாது. ஆயிரக்கணக்கான மைக்ரோ ஆர்என்ஏக்களிலிருந்து சில நூறு பேரை வைத்துத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பிரான்சின் சுகாதார உயர் ஆணையம் 2024 ஜனவரியில் எடுத்த முடிவு இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பரிசோதனையை நிராகரிக்கவும் இல்லை, எல்லாருக்கும் திறந்துவிடவும் இல்லை. நேரடிப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்து, அப்போதும் சந்தேகம் தீராதவர்களுக்கு மட்டும் மூன்றாம் படியாக, பலனைக் கண்காணிக்கும் பெரிய ஆய்வோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்றது.

ஆஸ்திரேலியாவின் புரோட்டியோமிக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனம், மெல்போர்னில் உள்ள ஆய்வாளர்களோடு சேர்ந்து, ரத்தத்தில் 10 புரதங்களின் கோலத்தைத் தேடுகிறது. 805 பேரின் ரத்தத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் அறிகுறிகள் இருந்தும் லேப்ராஸ்கோப்பியில் நோய் இல்லை என்று தெரிந்தவர்களையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொண்டது நல்ல விஷயம். ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் எண்கள் இன்னும் அழகாக இருந்திருக்கும், பயன் குறைந்திருக்கும்.

என் மனதுக்கு நெருக்கமானது மாதவிடாய் ரத்தம். ஊசி குத்த வேண்டாம், அறுக்க வேண்டாம், மாதாமாதம் தானாக வருகிறது, நாம் தூக்கி எறிகிறோம். சாம்ப்சன் சொன்னது சரியென்றால், வயிற்றுக்குள் போய் வேர்பிடிக்கும் அதே செல்கள் இதிலும் இருக்க வேண்டும். நியூயார்க்கில் உள்ள ஃபைன்ஸ்டீன் ஆய்வு நிலையத்தின் 'ரோஸ்' ஆய்வு இதைத்தான் பார்க்கிறது. பெண்கள் வீட்டிலேயே சேகரித்து அனுப்பிய ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். கர்ப்பத்துக்குத் தயாராகும் மாற்றம் ஒன்று இந்தச் செல்களில் நடக்க வேண்டும். நோய் உள்ளவர்களின் செல்களில் அது மந்தமாக இருந்தது. கருப்பைக்கே உரிய ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்களும் அவர்களிடம் குறைவாக இருந்தன. ஐந்து லிட்டரில் கரைந்துபோன தடயத்தைத் தேடுவதைவிட, சம்பவ இடத்திலிருந்தே தடயம் எடுப்பது எவ்வளவு நேரடியானது! மாதவிடாய் ரத்தத்தைப் பரிசோதனைக்கு உரிய பொருளாக நினைக்கவே மருத்துவத்துக்கு இவ்வளவு காலம் ஆனது என்பதை என்னவென்று சொல்ல.

ஸ்கேன் பக்கத்திலும் புது வழிகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் செராக் நிறுவனமும் சேர்ந்து, புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களில் போய் ஒட்டிக்கொள்ளும் மராசிக்லடைட் என்ற மூலக்கூறைச் சோதிக்கின்றன. அதோடு கதிர்வீச்சுள்ள டெக்னீசியத்தை இணைத்து உடலுக்குள் செலுத்தினால், வளர்ந்துகொண்டிருக்கும் திட்டுகள் படத்தில் ஒளிரும். அந்த டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். வழக்கமான ஸ்கேனில் நிழலே விழாத மேலோட்டமான புள்ளிகளை இது காட்டக்கூடும் என்பதே இதன் கவர்ச்சி. ஊசி உண்டு, கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, ஆனால் மயக்கமும் இல்லை, துளையும் இல்லை. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் 'இமேஜெண்டோ' குழு இன்னொரு திசையில் போகிறது: அல்ட்ராசவுண்டையும் எம்ஆர்ஐயையும் சேர்த்துப் படிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறது. தேர்ந்த ஸ்கேன் நிபுணர் பக்கத்தில் கிடைக்காதவர்களுக்கு இது உதவலாம்.

மரபணுவைப் பற்றியும் கேட்பார்கள். 2023-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தரவிலிருந்து இந்த நோயோடு தொடர்புள்ள 42 இடங்களைக் காட்டியது. நோய் எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள அது பெரிய துணை. ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல அது போதாது; ஒவ்வோர் இடத்தின் பங்கும் கடுகளவுதான்.

எச்சிலோ ரத்தமோ 'ஆம்' என்று சொன்னாலும், திட்டு எங்கே இருக்கிறது, குடலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்லாது. அறுவை தேவைப்பட்டால் மருத்துவருக்கு வரைபடம் வேண்டும், அதற்கு ஸ்கேனுக்குத்தான் போக வேண்டும். 'இல்லை' என்று சொன்னால் அதைவிடக் கவனம் தேவை. 95 சதவீதம் பிடிக்கும் பரிசோதனைகூட நோயுள்ள நூறு பேரில் ஐந்து பேரிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும். முன்பு "ஸ்கேன் நார்மல்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிய அதே மேஜையில், இப்போது இன்னொரு காகிதமும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் வலிக்கு வைத்தியத்தை நிறுத்தக்கூடாது என்ற விதியை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.